ஆள் கூப்பிடும் நேரம்

ஜூலை 8, 2024, திங்கள்

காலையில் எழுந்தேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். கேழ்வரகுக் கூழ் கரைத்துக் குடித்தேன். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். இதையெல்லாம் எழுதி வைக்க ஒரு டைரி வேண்டுமா என்று யாராவது கேட்கலாம். வருடக் கணக்கில் அங்கன்வாடியில் எழுதிக் கிழித்த கை இது, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இடுப்பில் கம்பி வைத்து ஐந்து மாதம் ஆகப்போகிறது. மாசியில் மிளகு பறிக்க ஏணி ஏறினேன், விழுந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இந்த வயசுல உங்கள யாருங்க ஏணி ஏறச் சொன்னது?" அறுபத்தாறு எல்லாம் ஒரு வயதா? விழுகிற நிமிஷம் வரைக்கும் எனக்கு அது வயதாகவே தெரியவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் சாமைக் காடு தெரிகிறது. சாமைக்குச் சமமாகக் களையும் வளர்ந்திருக்கிறது. பார்க்காமல் இருக்கலாம் என்றால் கட்டில் அந்தப் பக்கம்தான் கிடக்கிறது.

ஜூலை 11, வியாழன்

மெர்சி வந்தாள். வீடு தேடி வந்து உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க அரசாங்கம் அனுப்பும் பிசியோதெரபிப் பெண். சொந்த ஊர் நாசரேத் பக்கம். மலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியும் குளிரைத் திட்டிக்கொண்டேதான் ஸ்கூட்டியிலிருந்து இறங்குகிறாள். காலைத் தூக்கச் சொன்னாள், மடக்கச் சொன்னாள், குதிகாலை அழுத்தச் சொன்னாள். செய்தேன்.

"எலும்பு நல்லா கூடிட்டும்மா. ஆனா தொடைச் சதை எப்படிக் கரைஞ்சிருக்கு பாருங்க. உக்காந்தே இருந்தா மிச்சமும் போயிரும். நடங்க."

"எங்க நடக்கறது?"

"எங்கயாச்சும். ரோடு வரைக்கும்."

ரோட்டில் யார் இருக்கிறார்கள்? ஊரின் கீழ்ப்பக்கக் குடியிருப்பான எங்கள் கீழ்வளவில் இருந்தவர்கள் கேரளா எஸ்டேட்டுக்கும் திருப்பூர் கம்பெனிக்கும் போனது போக மிச்சம் என் வீடும் மாரப்பன் வீடும்தான். பூட்டுத் தொங்கும் கதவுகளைப் பார்த்துக்கொண்டே போய்விட்டு, அவற்றைப் பார்த்துக்கொண்டே திரும்பி வர வேண்டுமா? நடக்கக் கால் மட்டும் போதாது, போய்ச் சேர ஓர் இடமும் வேண்டும். இதை மெர்சியிடம் சொல்லவில்லை. சின்னப் பெண். ஆகட்டும் கண்ணு என்றேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. காலையில் மேல்வளவுப் பெண்கள் களைக்கொத்தோடு ரோட்டில் போனார்கள். என் பழைய கூட்டாளி பாவாயி முன்னால் போனாள். நான் கதவைத் திறந்துகொண்டு நின்றேன். "நல்லாருக்கீங்களா டீச்சரு?" என்றாள் ஒருத்தி. "நல்லாருக்கேன் கண்ணு." அவ்வளவுதான், போய்விட்டார்கள். வளைவு தாண்டியதும் எல்லோரும் சேர்ந்து எதற்கோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று சாயங்காலம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் காட்டு வேலைக்குக் கூலி ஆள் கிடையாது, மாத்தாள்தான். இன்றைக்கு நீ என் காட்டில் களை வெட்டினால், இன்னொரு நாள் நான் உன் காட்டில் வெட்டித் தீர்க்க வேண்டும். அங்கன்வாடியில் இருந்தபோதுகூட ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போவேன். களையா பெரிது? வரிசை கட்டிக் குனிந்துகொண்டே ஊர்க்கதை முழுவதையும் பேசி முடிப்போம். எந்த மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்த வீட்டுக்குப் பெண் கேட்டு வந்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். விழுந்ததிலிருந்து எனக்கு ஊரில் ஒன்றும் தெரிவதில்லை.

திருப்பிச் செய்ய முடியாதவளை எதற்குக் கூப்பிடுவார்கள்? நியாயம்தான். நியாயமாக இருப்பதால்தான் யாரையும் திட்டக்கூட முடியவில்லை.

ஜூலை 22, திங்கள்

இன்னும் கோபம் அடங்கவில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் காட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்தால் மேல்வளவுப் பெண்கள் என் சாமையில் இறங்கிக் களை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் ஆள் வருவது எங்கள் ஊரில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான். சாவு விழுந்த வீட்டுக்கு. தீட்டுக் கழிகிற வரைக்கும் அந்த வீட்டார் காட்டில் இறங்க மாட்டார்கள் என்பதால் ஊரே போய் வேலையை முடித்துக் கொடுக்கும். அதற்கு மாத்து இல்லை, யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் போனபோது அப்படித்தான் வந்தார்கள்.

வாக்கரைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரை போனேன். எப்படிப் போனேன் என்று இப்போது தெரியவில்லை.

"யாரு செத்தா?" என்று கேட்டேன்.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். பாவாயியின் மருமகள் பூங்குழலிதான் பதில் சொன்னாள். "சாவெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சரு. உங்களால முடியாதுல்லீங்க, அதான் நாங்களா வந்துட்டோம். நீங்க மாத்தெல்லாம் தீர்க்க வேண்டாமுங்க."

வேண்டாமாம்! எனக்கு என்ன வந்ததோ. "அப்ப நான் செத்துட்டேன்னு நீங்களே முடிவு கட்டிட்டீங்களா? கண்ணுக்கு முன்னால நிக்கறது தெரியலியா? எந்திரிச்சுப் போங்கடி எல்லாரும். களை மண்டிக் கெடந்தாக் கெடக்கட்டும்."

பாவாயி எனக்குச் சம வயது. ஒரே வருடம் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தோம், நான் கீழ்வளவுக்கு, அவள் மேல்வளவுக்கு. கோபம் வந்தால் அவளுக்குக் கீழுதடு துருத்திக்கொள்ளும், அங்கன்வாடியில் முதல் நாள் விட்டுப் போன பிள்ளைகளுக்கு வருமே, அது மாதிரி. களைக்கொத்தைத் தோளில் போட்டாள்.

"பாவம்னு வந்தது எங்க தப்புத்தான் புள்ள. இனி நீயா வந்து எங்க வாசல்ல நின்னு கூப்பிட்டாத்தான் உன் காட்டுல கால் வெப்பேன். பாத்துக்க."

பாவம். அந்த வார்த்தைதான் இன்னும் காதில் கிடக்கிறது. பாதிக் காடு வெட்டியும் பாதி வெட்டாமலும் நிற்கிறது.

ஜூலை 23, செவ்வாய்

யாரும் வரவில்லை. வருவார்கள் என்று நினைத்தேனா என்ன?

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அறப்பளீஸ்வரர் கோவிலுக்குக் கீழேயிருந்து வேன் வேனாக ஜனம் வருகிறதாம், கொண்டை ஊசி வளைவெல்லாம் வண்டி நிற்கிறதாம். ரேஷன் அரிசிப் பையை வாசலில் வைத்துவிட்டு மாரப்பன் சொன்னார். உள்ளே வந்து ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்றேன். "மழ வருதுங்க டீச்சரு" என்று கிளம்பிவிட்டார். மழை வரவில்லை.

வருடா வருடம் பாவாயியும் நானும் விடிகிறதுக்கு முன்னால் போய் ஆற்றில் குளித்துவிட்டு, கூட்டம் வருவதற்குள் சாமி கும்பிட்டு வந்துவிடுவோம். வரும் வழியில் பொரி வாங்கித் தின்றுகொண்டே நடப்போம். இந்த வருடம் அவள் யாரோடு போனாளோ.

நான் இன்றைக்கு வீட்டில்கூடக் குளிக்கவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள்?

ஆகஸ்ட் 19, திங்கள்

தமிழ்செல்வன் போன் பண்ணினான். என் ஒரே மகன், திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். எப்போது பேசினாலும் இதே பேச்சுத்தான்.

"அங்க ஒத்தையில எதுக்கும்மா? இங்க வந்துருங்க. யமுனா பாத்துக்குவா. மாடியில தனி ரூம் இருக்குது, டிவி இருக்குது."

டிவி இங்கேயும் இருக்கிறது. அவன் வீட்டுக்குப் போன தடவை போனபோது எதிர் வீட்டுக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெயர் என்ன என்று மருமகளிடம் கேட்டேன். "தெரியலீங்க அத்தை" என்றாள். மூன்று வருடமாக எதிரும் புதிருமாகக் குடியிருக்கிறார்கள். யமுனா நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். காலையில் எட்டரைக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறாள். அந்த மாடியில் நான் யாரைக் கூப்பிடுவேன், என்னை யார் கூப்பிடுவார்கள்?

பார்க்கலாம் சாமி என்று போனை வைத்தேன். இங்கே மட்டும் யார் கூப்பிடுகிறார்கள் என்று அவன் கேட்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

நாலைந்து நாளாகப் பனி மூட்டம். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. காடு இல்லை, ரோடு இல்லை. ஒரு வகையில் நிம்மதி, யாரும் போகவில்லை என்று பனியின் மேல் பழி போடலாம்.

பயிற்சி செய்வதை விட்டுவிட்டேன். மெர்சி கேட்டால் செய்கிறேன் என்று பொய் சொல்லலாம். காலைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. ஒரு கால் இன்னொரு காலின் தங்கை மாதிரி இளைத்துக் கிடக்கிறது. கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் போன மாதத்தைவிட இப்போது அதிக நேரம் பிடிக்கிறது. நாளுக்கு நாள் தேறும் என்றுதானே சொன்னார்கள்? தேறவில்லை. தேய்கிறது.

எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்று இன்று காலை நிஜமாகவே யோசித்தேன். கோழி இல்லை, ஆடு இல்லை, போன வருடமே விற்றாயிற்று. அடுப்பைப் பற்ற வைத்தால் எனக்கு மட்டும்தான் சமைக்க வேண்டும். ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது என்பது என்ன வேலை? நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்ததே போதும். படுத்தே கிடந்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அந்த நினைப்பு வந்ததும் பயப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பயம் வரவில்லை. அதுதான் மோசம்.

நேற்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குப் பல்லியிடம் "அடி போடி" என்றேன். குரல் கரகரத்தது.

செப்டம்பர் 12, வியாழன்

மெர்சி வந்தாள், கையில் ஸ்வீட் டப்பாவோடு. சொந்த மாவட்டத்துக்கே மாற்றல் கிடைத்துவிட்டதாம். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோஷம்தான் என்று சொன்னேன். சந்தோஷப்படாமல் என்ன செய்வது? "இந்த ஊர்ல ரூமுக்குத் திரும்புனா பேச ஆளில்லம்மா. உங்க வீட்டுக்கு வர்ற அன்னைக்குத்தான் நான் நிறையப் பேசுவேன்" என்றாள். எனக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, சொன்னால் அழுதுவிடுவேன்.

தொடையைத் தொட்டுப் பார்த்தாள். பொய் சொல்ல முடியவில்லை.

"ஏம்மா இப்படிப் பண்றீங்க? கூடிவந்த காலு. உக்காந்து உக்காந்தே கெடுத்துக்காதீங்க." வாக்கரை எடுத்துப் போய்க் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, மூலையில் இருந்த ஊன்றுகோலை என் கையில் கொடுத்தாள். "புது ஆளு எப்ப வருவாங்கன்னு தெரியல. அதுவரைக்கும் நீங்களா நடங்க. உங்களுக்கு யாரயாச்சும் பாக்கணும்னு தோணும்ல? அவுங்க வீட்டுக்கு நடங்க."

அவள் போன பிறகு டப்பாவைத் திறக்கவில்லை. அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பார்க்க வேண்டிய ஆள் ஒருத்திதான். அவள் வாசலுக்குப் போக வேண்டுமென்றால் மலையேற வேண்டும்.

அக்டோபர் 5, சனி

சாமை கதிர் வாங்கிவிட்டது. களை வெட்டாத பாதிக் காடு குட்டையாக நிற்கிறது, வெட்டிய பாதியில் கதிர் தலை தொங்குகிறது. அடுத்த மாதம் அறுப்பு. ஆள் வேண்டும்.

ஆள் கூப்பிட எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர்கள் வாசலில் போய் நிற்க வேண்டும். உட்காரக் கூடாது, தண்ணீர் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் அது விருந்துக்கு வந்த மாதிரி. போனில் கூப்பிட்டால் சிரிப்பார்கள், இன்னொருவரிடம் சொல்லி அனுப்பினால் மரியாதைக் குறைவு. வண்டியில் போய் இறங்கலாமா? இறங்கலாம். மறுபடி "பாவம்" என்பார்கள். அந்த வார்த்தையை இன்னொரு தடவை என்னால் கேட்க முடியாது.

அதனால் நடந்துதான் போக வேண்டும். இன்று ஊன்றுகோலோடு குழாயடி வரைக்கும் போய் வந்தேன். வந்து படுத்ததும் தொடை துடித்தது. இருந்தாலும் சோறு வடித்துச் சாப்பிட்டேன், புளிக்குழம்பும் வைத்தேன்.

அக்டோபர் 10, வியாழன்

பாலம் வரைக்கும் போனேன்! அதற்கு மேல் கல்படிகள் தொடங்குகின்றன. மேல்வளவுக்குக் குறுக்கு வழி அதுதான். முதல் படியில் காலை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இன்னும் சில நாள் போனால் ஏறிவிடுவேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

நேற்று நடந்ததை எழுத வேண்டுமா? எழுதித் தொலைக்கிறேன்.

நல்ல காலத்தில் ஆள் கூப்பிடப் போவதென்றால் நாலு மணிக்கு டீ குடித்துவிட்டுக் கிளம்புவேன். நேற்றும் அதே மாதிரி கிளம்பினேன். பழைய கால் என்று நினைப்பு எனக்கு. பாதிப் படி ஏறுவதற்குள் வானம் கறுத்துவிட்டது. விளக்கு வைப்பதற்குள் போக வேண்டுமே என்று அவசரப்பட்டேன். பாசிக் கல்லில் கோல் வழுக்கியது. உட்கார்ந்த வாக்கில் விழுந்தேன்.

எழ முடியவில்லை. எப்படித் திரும்பினாலும் முடியவில்லை. ஊன்றிக்கொள்ள ஒரு கிளைகூடக் கைக்கு எட்டவில்லை. மழை பிடித்துக்கொண்டது. "பாவாயி" என்று கூப்பிட்டேன், ஆமாம், வெட்கத்தை விட்டுக் கத்தினேன். மழைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. சேலையெல்லாம் நனைந்து, சிறு பிள்ளை மாதிரி… போதும். அதை எழுத மாட்டேன்.

ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த மாரப்பன் பார்த்துவிட்டு, வீட்டுக்கு ஓடி அவர் சம்சாரத்தைக் கூட்டி வந்தார். இரண்டு பேருமாகத் தூக்கி வந்து போட்டார்கள். அந்த அம்மாள் என் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள், "பாவமுங்க நீங்க."

அக்டோபர் 17, வியாழன்

மகன் வந்து கீழே கூட்டிப் போய்ப் படம் எடுத்துப் பார்த்தான். எலும்புக்கு ஒன்றுமில்லையாம், சதைப் பிடிப்புத்தான். அவன் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை. ராத்திரிப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறான்.

"போதும்மா. எனக்குப் போன் வந்தாலே ஈரக்கொல நடுங்குது. தீபாவளிக்கு லோடு முடிக்கணும், லீவு தர மாட்டாங்க. நவம்பர் பதினேழு ஞாயித்துக்கிழம கார் எடுத்துட்டு வாரேன். மாட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க."

மாட்டேன் என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? சரி என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மாரப்பன் வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. ஒன்றில் பாதி தின்றேன்.

நவம்பர் 9, சனி

சேலைகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். ஒரு ஆயுசுக்கு ஒரு பெட்டி போதுமாக இருக்கிறது. சாமை பழுத்துவிட்டது, குருவி இறங்குகிறது. மாரப்பனைக் கூப்பிட்டு, நான் போனதும் ஆட்டை விட்டு மேய்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். "வெளஞ்ச காட்டுலீங்களா?" என்றார். வேறு என்ன செய்ய? நெஞ்சு கல்லாகிவிட்டது. காடு, வீடு, மனிதர்கள் எல்லாவற்றையும் கை கழுவி விட்டாயிற்று. இனி யாராவது சாப்பாடு போட்டால் சாப்பிடலாம், படு என்றால் படுக்கலாம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பாவாயியிடம் சொல்லாமல் எப்படிப் போவது? சண்டைதான். இருந்தாலும் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

நவம்பர் 16, சனி

நேற்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவினதும் கிளம்பினேன், பாவாயியிடம் சொல்லிக்கொண்டு வர. அவசரம் ஒன்றும் இல்லை. போகிறவளுக்கு என்ன அவசரம்? விழுந்தால் விழட்டும் என்றுதான் போனேன். ஒரு படி ஏறினால் கொஞ்ச நேரம் நின்றேன். இடுப்புயரப் பாறை கண்ட இடத்தில் சாய்ந்துகொண்டேன். வெயில் சாய்ந்ததுகூடத் தெரியவில்லை. மூன்று மணிக்குப் போய்விடலாம் என்று கிளம்பினேன், அவள் வாசலில் போய் நிற்கும்போது பூங்குழலி விளக்குப் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சரு. உக்காருங்க" என்று கயிற்றுக் கட்டிலைக் காட்டினாள். தாழ்ந்த கட்டில். அதில் உட்கார்ந்தால் என்னை இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். "பரவால்ல கண்ணு, நிக்கறேன்" என்றேன். சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். குடித்தால் வழியில் எங்கே ஒதுங்குவது, ஒதுங்கினால் எப்படி எழுவது? "தண்ணி வேண்டாம் சாமி" என்றேன்.

பூங்குழலி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "அத்தை, கீழ்வளவு டீச்சரு ஆள் கூப்பிட வந்து நிக்கறாங்க" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கு வைக்கிற நேரம், நின்றுகொண்டே இருக்கிறேன், தண்ணீர் வேண்டாம் என்றுவிட்டேன். அதைப் பார்த்து வேறு என்னதான் நினைப்பார்கள்?

பாவாயி வெளியே வந்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள். அவளும் இளைத்துப் போயிருந்தாள். கீழுதடு துருத்தியபடி என் காலைப் பார்த்தாள், கோலைப் பார்த்தாள், படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை. நல்லவேளை.

"எப்ப அறுப்பு?" என்றாள்.

திருப்பூர் போகிறேன், சொல்லிவிட்டுப் போக வந்தேன். வாய் வரைக்கும் வந்தது. சத்தியமாக வந்தது.

"ஞாயித்துக்கிழம" என்றேன்.

"எத்தன ஆளு?"

"நீயும் உன் மருமகளும். இன்னும் ரெண்டு வாசல் போகணும்."

"அது பக்கந்தான், போ. வெளக்கு வெச்சாச்சு, சீக்கிரம் போ" என்றாள். போனேன். கண்ணில் தண்ணீர் வழிய, அடுத்த இரண்டு வாசலிலும் நின்று கூப்பிட்டேன். திரும்பும்போது பாவாயியின் மகன் செங்கோடன் பைக்கில் தார் ரோடு வழியாகக் கொண்டுவந்து விட்டான்.

கூப்பிட்டுவிட்டேன். நாளைக்குக் காரோடு வரும் மகனுக்கு என்ன சொல்வது?

நவம்பர் 17, ஞாயிறு

விடிந்தும் விடியாமல் அரிவாளோடு வந்துவிட்டார்கள். கூப்பிட்டவள் பட்டினி போடலாமா? விறகடுப்பில் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தேன். அடுப்புக்கும் அம்மிக்குமாக நடந்ததில் கோலை எங்கே வைத்தேன் என்று இரண்டு தடவை தேடினேன்.

பத்து மணிக்குக் கார் வந்தது. தமிழ்செல்வன் இறங்கி, காட்டில் ஆளைப் பார்த்து விழித்தான். "என்னம்மா இது? பெட்டி எங்க?"

"ஆள் கூப்பிட்டிருக்கேன் சாமி. இவங்க மாத்தத் தீர்க்காம எப்படி வர்றது?"

"நீங்க எப்படிம்மா தீர்ப்பீங்க?" அவன் கத்தியதில் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். கையில் கரண்டியோடு நின்றேன். அவன் சொன்னது நிஜம்தானே? இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் யார் காட்டில் என்ன அறுக்கப் போகிறேன்?

பாவாயி வரப்பிலிருந்தே குரல் கொடுத்தாள். "அத நாங்க பாத்து வாங்கிக்கறோம். நீ பேண்ட மடிச்சு உட்டுட்டு எறங்கு. உங்கம்மா காடுதான?"

மத்தியானம் வரை அறுத்தான் என் மகன். கையில் கொப்புளம். சோறு தின்றுவிட்டுக் கையைக் கழுவினான். பிறகு, "தையில மறுபடி வருவேன். அப்ப எதும் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தான். அவன் பயம் எனக்குப் புரிகிறது. என் பயமும் போகவில்லை.

நவம்பர் 21, வியாழன்

நேற்றுச் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் பூங்குழலி என் வாசலில் வந்து நின்றாள். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றாள்.

இன்று செங்கோடன் பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டு போனான். பாவாயி காடு படிப்படியாக இறங்கும் காடு. என்னைக் குனிய விடாமல் கீழ்ப் படியில் நிற்க வைத்தாள். மேல் படியின் ஓரத்துச் சாமை எனக்கு இடுப்புயரத்தில் இருந்தது. நின்றபடியே அறுத்தேன். மற்றவர்கள் மூன்று படி முடித்தபோது நான் ஓர் ஓரத்தைத் தாண்டவில்லை. நான் விட்டுப் போன கதிர்களைப் பாவாயி பின்னாலேயே வந்து அறுத்தாள், நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. தொடை பற்றி எரிந்தது. தையில் மகன் வருவான், அடுத்த வருடம் இந்தக் கால் என்ன ஆகுமோ தெரியாது. நடுவில் ஒருத்தி, ஆடியில் எதற்குச் சிரித்தார்களோ அதைவிடப் பெரிய கதையாக ஒன்று சொன்னாள். சிரித்துச் சிரித்து அரிவாளைக் கீழே போட்டேன்.

சாயங்காலம் கணக்குச் சொல்லும்போது எல்லோருக்கும் முன்னால் பாவாயி, "கண்ணாயி, உன்னய அர ஆளுன்னுதான் வெச்சுக்குவேன்" என்றாள்.

"அர ஆளா! முக்கால் ஆளு வேல செஞ்சிருக்கேன்டி" என்று சண்டைக்குப் போனேன். அவள் அசையவில்லை. அரை என்றால் அரைதான்.

அரை ஆள் என்றால் ஒரு நாள் மாத்துக்கு நான் இரண்டு நாள் போக வேண்டும். அது தோன்றியதும் சண்டையை விட்டுவிட்டேன். நாளைக்கும் பாவாயி காடுதான்.